புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளில் ஊரகமும் நகரமும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டின் ஊரகம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் புறத்தே நின்றதில்லை. ஆயின் நோயற்ற மக்கள் திரளாகவே அது பெரிதும் ஆய்வுக்குள் வந்துள்ளது. நோயுற்றவர்க்கான சிகிச்சை ஆய்வுகள் பெருநகர மருத்துவமனைகளிலேயே நிலைகொண்டுள்ளன. இவ்வேறுபாடு எதனால் நிலைபெற்றது, நடைமுறையிலுள்ள சட்ட விதிகள் அதை மாற்ற எவ்வளவு இடம் தருகின்றன, ஒப்புதல் படிவத்தின் தமிழ் இதில் என்ன பங்கு வகிக்கிறது என்பவற்றை இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவ ஆய்வு, ஊரக நோயாளி, அம்பிலிக்கை, ஒப்புதல் படிவம், கலைச்சொல், நெறிமுறைக் குழு

முன்னுரை

திருவரங்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவும் ஏழு திருச்சுற்றுகளும். வருவாய்த் துறைக்கோ திருவரங்கம் ஒரு வட்டம். அந்தநல்லூர், மணிகண்டம் பகுதிகளின் வயல்சார்ந்த ஊர்கள் அந்த வட்டத்தைச் சேர்ந்தவை. நகரமும் ஊரகமும் ஒரே பெயரின்கீழ் இருக்கும் இவ்வட்டாரம், மருத்துவ வாய்ப்பின் ஏற்றத்தாழ்வை அளக்க ஏற்ற களம். மாவட்டத்தின் வட எல்லையில், துறையூருக்கு அப்பால், பச்சைமலை இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அதன் சிற்றூர்களுக்கும் திருவரங்கத்துக்கும் நிலப்படத்தில் தொலைவு பெரிதன்று.

திருவரங்கத்துக்கு மருத்துவமனை புதிதன்று. போசளர் காலத்தில் கோயிலைச் சார்ந்து நிறுவப்பட்ட ஆரோக்கியசாலை படையெடுப்பில் சிதைந்து, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பிக்கப்பட்டதைக் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் உள்ளது. இன்று மாவட்டத்தின் தலைமை அரசு மருத்துவமனை மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. அது இணைந்திருக்கும் மருத்துவக் கல்லூரி தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கியது. தமிழறிஞர் ஒருவர் பெயரில் மருத்துவக் கல்லூரி அமைந்த ஊரில், மருத்துவத்தின் மொழியைப் பற்றியும் பேசுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

கிளினிக்கல் டிரையல் என மருத்துவமனைகளில் வழங்குவதை இக்கட்டுரை 'மருத்துவ ஆய்வு' என்று குறிக்கிறது. அவற்றுள், நோயாளிகளுக்கு இரு சிகிச்சை முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வகை 'சிகிச்சை ஆய்வு' எனப்படுகிறது.

வாய்ப்பு ஏன் பொருட்டாகிறது?

மருத்துவ ஆய்வில் சேர்வதைப் புதிய மருந்து கிடைக்கும் பேறாகக் கருதுவது ஒரு மயக்கம். சோதனைப் பொருளாக்கப்படுவதாக அஞ்சுவது மற்றொரு மயக்கம். புதிய மருந்து பழையதைவிடச் சிறந்ததா என்பது தெரியாத நிலையிலேதான் ஆய்வு தொடங்குகிறது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. சேர்பவர்க்கு உறுதியாகக் கிடைப்பது வேறொன்று: எழுதப்பட்ட நெறிப்படி சிகிச்சை, குறித்த நாளில் மருத்துவரைக் காணுதல், பக்கவிளைவு நேர்ந்தால் உடனடிக் கவனிப்பு. நகரத்தில் பணம் கொடுத்துப் பெறக்கூடிய இவ்வொழுங்கு ஊரகத்தில் பணம் கொடுத்தாலும் எளிதில் வாய்ப்பதில்லை.

இவ்வொழுங்கின் மதிப்பை அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. அங்கு ஊரகப் புற்றுநோயாளிகளின் இறப்பு நகரத்தாரைவிட மிகுதி என்பது நெடுநாள் அறிந்த செய்தி. சோவாக் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு நடத்திய 44 மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 37,000 நோயாளிகளின் தரவை ஜோசப் அங்கர் குழுவினர் பகுத்து 2018இல் வெளியிட்டனர். ஆய்வுக்குள் வந்து ஒரே சீரான சிகிச்சை பெற்றபின், பெரும்பாலான புற்றுநோய் வகைகளில் ஊரகத்தாருக்கும் நகரத்தாருக்கும் பிழைப்புக் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு ஊரகத்தாரின் உடலில் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் இருந்தது என்று இதைப் படிக்கலாம். அமெரிக்க முடிவைப் பச்சைமலைக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. கேள்வியை மட்டும் பொருத்திக்கொள்ளலாம்.

சிகிச்சை ஆய்வுகளின் இருப்பிடம்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வின் வரலாறு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடு பிணைந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் மருத்துவர்கள் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தை இணைத்துப் பார்த்த ஆய்வை நடத்தினர். 1980களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்காக எம்.சி.பி. 841 எனும் பன்மைய நெறிமுறை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு வகுக்கப்பட்டது. சென்னை அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகிய மூன்று இடங்களில் அது கையாளப்பட்டது. பிழைக்கும் குழந்தைகளின் பங்கு அதனால் உயர்ந்தது. மூன்று மையங்களும் பெருநகரங்களே. கதிர்வீச்சுக் கருவி, திசு ஆய்வகம், பயிற்சி பெற்ற மருத்துவர், நிதி ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் இருந்தாலொழிய ஆய்வு நடத்த முடியாத காலம் அது.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 சூலையில் தொடங்கப்பட்டது. 2009 சூன் முதல் பதிவு கட்டாயமாயிற்று. இணையத்தில் எவரும் அதைப் பார்க்கலாம்; ஒவ்வோர் ஆய்வும் எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்பதும் அதில் இருக்கும். ஆனால் பதிவேடு ஆங்கிலத்தில் உள்ளது. ஆய்வாளர்க்குப் பயன்படும் அது, தம் நோய்க்கு எங்கு ஆய்வு நடக்கிறது என அறிய விழையும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்குப் பயன்படுவதில்லை.

சென்னையிலிருந்து பார்த்தால் திருச்சி, மாவட்டத் தலைநகர். துறையூரிலிருந்து பார்த்தால் அதுவே பட்டணம். சென்னை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருப்பதால், பெருநகர மையத்தில் நடக்கும் ஆய்வுக்குத் திருவரங்கத்தாரும் பச்சைமலையாரும் ஏறக்குறைய ஒரே தூரம் போக வேண்டும். வேறுபாடு தூரத்தில் அன்று, தூரத்தைக் கடக்கும் வகையில் உள்ளது. திருவரங்கத்தில் இரயில் நின்று செல்கிறது. சென்னையில் தங்க உறவினர் வீடு இருக்கக்கூடும். மாத ஓய்வூதியம் விடுப்பால் குறைவதில்லை.

அம்பிலிக்கை: ஆய்வே ஊருக்குச் சென்றபோது

ஊரகத்தார் ஆய்வுகளில் சேர முன்வருவதில்லை என்று மருத்துவ வட்டாரத்தில் கூறப்படுவதுண்டு. அதற்கு மறுமொழி அண்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிலிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கியச் சமூக நல மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதலியவற்றோடு இணைந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காண, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய முறை பயன்தருமா என்பதே வினா. திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர் இச்சோதனையைச் செய்தனர். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர், அதாவது ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் வந்தனர். 2007இல் லான்செட் இதழில் சங்கரநாராயணன் குழுவினர் வெளியிட்ட முடிவுப்படி, சோதனைப் பிரிவில் இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும் அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

மிக அந்தரங்கமான ஓர் உடற்சோதனைக்கு ஊரகப் பெண்களுள் மூவரில் இருவர் அளவுக்கு முன்வந்தனர் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் பெருநகரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. சோதித்தவர் செவிலியர், தேவைப்பட்டோர்க்கு உறைகுளிர்ச் சிகிச்சையும் அவர்களே அளித்தனர். அதே 2007இல் தமிழ்நாடு நலவாழ்வு அமைப்புத் திட்டம் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் இம்முறையை முன்னோட்டமாகத் தொடங்கியது; பின்னர் அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது.

இதற்கு மறுபக்கம் உண்டு. ஒப்பீட்டுப் பிரிவிலிருந்த ஊர்களின் பெண்களுக்குச் சோதனை அளிக்கப்படவில்லை. வழக்கமான மருத்துவ வசதியே அவர்களுக்கு எஞ்சியது. பயன் தரும் எனக் கருத இடமிருக்கும் ஒரு முறையை ஏழைப் பெண்களுக்குத் தராமல் காத்திருந்து ஒப்பிடலாமா என்னும் கேள்வி, இவ்வாய்வையும் மராட்டியத்தில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளையும் குறித்துப் பின்னர் கடுமையாக எழுப்பப்பட்டது. ஒழுங்குபட்ட பரிசோதனைத் திட்டமே இல்லாத நாட்டில் ஒப்பீட்டுப் பிரிவு எதையும் இழக்கவில்லை என்பது ஆய்வாளர் தரப்பு. இழக்கவில்லை என்பது உண்மையாயினும், அவர்கள் பெறவில்லை என்பதும் உண்மை. இவ்வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அம்பிலிக்கை அடுத்த ஆய்விலும் இடம்பெற்றது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்.பி.வி. தடுப்பூசி இரு தவணை போதுமா, மூன்று தவணை வேண்டுமா என ஒப்பிட இந்தியாவின் பல மையங்களில் 2009 செப்டம்பரில் சிறுமியர்க்கு ஊசி போடத் தொடங்கினர். 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. காரணம் இவ்வாய்வில் நிகழ்ந்ததன்று: அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறோர் அமைப்பு நடத்திய தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமியர் இறந்த செய்தி எழுப்பிய புயல். அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என நிறுவப்படவில்லை. ஆனால் பெற்றோர்க்கு மாறாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையொப்பமிட்டது வெளிப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தன் 72ஆம் அறிக்கையில் அதைக் கண்டித்தது. வாய்ப்பை ஊருக்குக் கொண்டுசெல்வதும் ஒப்புதலை ஊரிலிருந்து பெறுவதும் வெவ்வேறு பணிகள் என்பதைக் கம்மம் காட்டியது.

இடையில் நின்றுபோன ஆய்வில், ஒரே ஒரு தவணையோடு நின்ற சிறுமியர் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களைத் தொடர்ந்து கண்காணித்ததன் முடிவு 2021இல் வெளிவந்தது. ஹெச்.பி.வி. 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணையும் 95 விழுக்காட்டுத் திறன் காட்டியது. உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் ஒரு தவணை முறையை ஏற்றுக்கொண்டதற்கு உதவிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. உலகக் கொள்கையையே மாற்றிய ஒரு முடிவில் திண்டுக்கல் மாவட்டச் சிறுமியரின் பங்கு இருக்கிறது. அதே ஊர்களில் புற்றுநோய் வந்துவிட்ட ஒரு பெண், சிகிச்சை ஆய்வில் சேர விரும்பினால் பேருந்தேறிப் பெருநகரம் செல்ல வேண்டும்.

தொலைவின் உட்கூறுகள்

இருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: திருவரங்கம் சித்திரை வீதியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பச்சைமலையின் டாப் செங்காட்டுப்பட்டியில் மரவள்ளிக்கிழங்குக் காட்டில் கூலிவேலை செய்யும் ஒரு பெண். இருவர்க்கும் மார்பகப் புற்றுநோய். திருச்சி நகரிலேயே ஓர் ஆய்வு நடப்பதாகக் கொள்வோம்.

சேர்வதற்குமுன் தகுதி பார்க்கப்படும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறித்த அளவுக்குமேல் இருக்க வேண்டும். முன்பு சிகிச்சை ஏதும் பெற்றிருத்தல் கூடாது என்ற விதியும் பல ஆய்வுகளில் உண்டு. இரத்தச்சோகை உள்ள கூலிப்பெண் முதல் விதியில் விலகக்கூடும். கட்டியை அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் முன்பே அறுத்து அகற்றியிருந்து, திசுக்கட்டையும் அறிக்கையும் கைக்குக் கிடைக்கவில்லையெனில் இரண்டாம் விதியிலும் விலகுவார். விதிகள் எவரையும் ஊர் பார்த்து ஒதுக்குவதில்லை. எனினும் விளைவு ஊர் பார்த்தே அமைகிறது.

சேர்ந்தபின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து என்றால் ஆண்டுக்குப் பதினேழு முறை வர வேண்டும். இடையில் இரத்தச் சோதனைக்கு மேலும் சில முறை. ஆசிரியைக்கு ஒவ்வொன்றும் ஒரு முற்பகல். மலையிலிருந்து சோபனபுரம் வழியே இறங்கித் துறையூர் சேர்ந்து திருச்சிக்கு வருபவர்க்கு அது ஒரு முழு நாள். துணைக்கு வருபவர்க்கும் கூலி போகும்.

ஆய்வாளரின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். கடும் பாதிப்பு எதுவும் நேர்ந்தால் அறிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அதை அறிவிக்க வேண்டும் என்பது விதி. கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. இரவில் பேருந்து இல்லாத மலையூரில் அக்காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணும் மருத்துவர், அந்நோயாளியிடம் ஆய்வைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடலாம். அவர் மறுத்தார் என்று பின்னர் எந்தப் பதிவிலும் இராது, ஏனெனில் அவரிடம் கேட்கவே இல்லை.

தொலைவை ஆய்வின் வினாவாகவே ஆக்கிய மரபு நம்மிடம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், காசநோயாளிகளை மருத்துவ விடுதியில் வைத்துச் சிகிச்சை அளிப்பதையும் அவர்கள் வீட்டிலேயே அளிப்பதையும் ஒப்பிட்டது. நெரிசல் மிகுந்த ஏழை வீடுகளிலும் சிகிச்சை ஏறக்குறைய அதே பயன் தந்தது. உலகெங்கும் காசநோய் விடுதிகளின் தேவையை அம்முடிவு குறைத்தது. புற்றுநோயில் இதற்கு நெருங்கிய அண்மைக்கால முயற்சி டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்புவழி ஏற்றும் சிஸ்பிளாட்டினையும், வாய்வழி உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் மாத்திரைகளையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. 2020இல் வெளியான முடிவில் இடைநிலைப் பிழைப்புக் காலம் மாத்திரைப் பிரிவில் 7.5 மாதம், சிஸ்பிளாட்டின் பிரிவில் 6.1 மாதம். எளிய மாத்திரை தோற்கவில்லை, முந்தியது. வினாவே ஊரக நோயாளி கேட்கக்கூடிய வினா என்பதுதான் அவ்வாய்வின் சிறப்பு.

விதிகள் தரும் இடம்

சிற்றூர் மருத்துவமனையில் ஆய்வு நடத்தச் சட்டம் இடந்தராது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையில் ஆய்வு கூடாது என்ற கட்டுப்பாடு ஒருகாலத்தில் இருந்தது. 2016இல் அது நீக்கப்பட்டு, இடத்தின் தகுதியை நெறிமுறைக் குழுவே முடிவுசெய்யலாம் என்றாயிற்று. புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019 மேலும் ஒரு வழி திறந்தது. தனக்கென நெறிமுறைக் குழு இல்லாத ஓர் இடம், அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ உள்ள பதிவுபெற்ற குழுவின் ஒப்புதலோடு ஆய்வைத் தொடங்கலாம். திருச்சியை நடுவாக வைத்து அவ்வளவு ஆரத்தில் வட்டம் வரைந்தால் இலால்குடி, முசிறி, மணப்பாறை, துறையூர் நான்கும் உள்ளே வருகின்றன.

ஆகவே திருச்சியில் முதன்மை மையமும் துறையூரில் துணை மையமும் அமைய விதி தடையாக இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 'டெலிடிரையல்' எனும் பெயரில் இவ்வகை ஏற்பாடு செயல்படுகிறது. பெரிய மருத்துவமனையின் ஆய்வாளர் காணொளியில் நோயாளியைப் பார்க்கிறார். உள்ளூர்ச் செவிலியரும் மருத்துவரும் மருந்து தருகின்றனர். எல்லா ஆய்வும் இதற்கு ஏற்றதன்று. புதிய மருந்தை மனிதருக்கு முதன்முதலாகத் தரும் ஆய்வைத் துறையூரில் நடத்த எவரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பழகிய மருந்துகளின் அளவு, கால இடைவெளி, வாய்வழி மாற்று போன்றவற்றை ஒப்பிடும் ஆய்வுகளே ஏற்றவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் நலப் பணியாளர்கள் ஏற்கெனவே இல்லந்தோறும் செல்கின்றனர். தக்க பயிற்சியும் தனி ஊதியமும் தந்தால் இடைக்காலக் கண்காணிப்பில் அவர்களுக்கு இடமுண்டு.

பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இசைகின்றன. ஆசை காட்டுவதாக ஆகிவிடுமோ என்ற அச்சத்தால் குழுக்கள் பேருந்துக் கட்டணத்தோடு நின்றுவிடக்கூடும்; இழந்த கூலியைத் தருவது ஆசை காட்டுவதாகாது. இறப்புக்கான இழப்பீட்டுக் கணக்கில் ஒரு நல்ல கூறும் உண்டு: 8 இலட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் நோயின் நிலையையும் பொறுத்து அது கணக்கிடப்படுகிறது. இறந்தவரின் வருமானம் கணக்கில் வராது. ஆசிரியைக்கும் கூலிப்பெண்ணுக்கும் அங்கே ஒரே அளவுகோல்.

ஒப்புதல் படிவத்தின் தமிழ்

எழுத்தறியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியோரிடம் புதிய வேதிப்பொருளை ஆயும்போது ஒலி, ஒளிப் பதிவும் வேண்டும். படிவம் நோயாளி அறிந்த மொழியில் இருக்க வேண்டும். இத்தனை காப்புகளுக்குப் பின்னும், படிவத்தின் தமிழ் நோயாளியின் தமிழாக இல்லையெனில் கையொப்பம் மட்டுமே மிஞ்சும்.

சில சொற்களை நோக்கலாம். 'பரிசோதனை' என்றால் பேச்சுவழக்கில் இரத்தம், சிறுநீர் பார்ப்பது. இரத்தம் எடுத்தவுடன் முடிந்துவிட்டது என நோயாளி எண்ண இடமுண்டு. 'சோதனை' என்றாலோ கடவுள் தரும் துன்பம். 'ஆய்வு' என்பது மாவட்ட ஆட்சியர் வந்து பார்ப்பது. 'கட்டுப்பாட்டுக் குழு' என்ற தொடர் நோயாளிகளின் ஒரு பிரிவைக் குறிக்கிறது என்று எவருக்குத் தோன்றும்? தம்மைக் கட்டுப்படுத்த ஒரு குழு இருப்பதாகவே படும். 'ஒப்பீட்டுப் பிரிவு' தெளிவானது.

'மருந்துப்போலி' என்பது தனிக் கவனத்துக்குரியது. இலக்கணம் அறிந்தவர்க்குப் போலி என்பது பொருள் மாறாமல் ஓர் எழுத்தின் இடத்தில் மற்றொன்று வருவது. பந்தல் பந்தர் ஆவதில் ஏமாற்று இல்லை. நோயாளியின் காதிலோ அது 'போலி மருந்து' என்றே விழும். புற்றுநோய் ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சையை விலக்கிவிட்டு வெற்று மாத்திரையை மட்டும் தருவது அரிது. பெரும்பாலும் அது வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே தரப்படும். 'மருந்தில்லா மாத்திரை' என்று வெளிப்படையாக எழுதி, எதனோடு சேர்த்துத் தரப்படும் என்பதையும் சொன்னால் அச்சம் குறையும்.

'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்பதை விளக்கச் சீட்டுக் குலுக்கலை உவமை காட்டுவது எளிய வழி. அது பாதி வழியே உதவும். சீட்டுக் குலுக்கலில் ஒருவர்க்குப் பணம் விழுகிறது, ஏனையோர் காத்திருக்கின்றனர். ஆய்வில் எந்தப் பிரிவு நற்பேறு பெற்ற பிரிவு என்பது குலுக்குபவர்க்கே தெரியாது. இந்த அறியாமையைச் சொல்லாமல் குலுக்கலை மட்டும் சொன்னால், பழைய மருந்துப் பிரிவில் விழுந்தவர் தோற்றதாக எண்ணி இடையில் விலகுவார். 'இழப்பீடு' என்ற சொல் விபத்தையும் நிலம் கையகப்படுத்துதலையும் நினைவூட்டுவது. படிவத்தின் நடுவே அது தனித்து நின்றால், இழக்கப்போவது உறுதி என்று படிப்பவர் உண்டு.

இவை மருத்துவர் தனித்துத் தீர்க்கக்கூடியவை அல்ல. ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கி, மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் முறை பரவலாக உள்ளது. அது இரு ஆங்கிலங்களும் ஒத்திருப்பதை உறுதிசெய்யும். இடையிலுள்ள தமிழ் யாருக்குப் புரிகிறது என்பதைச் சொல்லாது. படிவத்தைத் துறையூர்ச் சந்தைக்கு வரும் பத்துப் பேரிடம் படித்துக்காட்டி, 'இதில் என்ன செய்யப்போகிறார்கள்?' என்று அவர்கள் வாய்மொழியாகத் திரும்பச் சொல்லக் கேட்பது அதனினும் பயனுடையது.

2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப் பேரேனும் அந்நிறுவனத்தைச் சாராதோர். மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர் கட்டாயம். திருச்சிராப்பள்ளியில் கல்லூரிகளுக்கும் தமிழ்த்துறைகளுக்கும் குறைவில்லை. பொதுமகனுக்குரிய அந்த இருக்கையில் தமிழாசிரியர் ஒருவர் அமரவும், படிவம் மேசைக்கு வரும்போது முதலில் தமிழ்ப் படியைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் விதி இடந்தருகிறது.